கண்ணுக்குத் தெரிந்ததும் மனதுக்குத் தெரிந்ததும்: பேய்க்கதையில் நம்பகமற்ற கதைசொல்லி

“அந்த வீட்டில் பேய் இருக்காம்” என்று யாராவது சொன்னால் நாம் முதலில் கேட்பது “யார் சொன்னது?” என்றுதான். அந்த ‘ஆம்’ செய்கிற வேலை பெரியது. நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான், உண்மையா பொய்யா என்பதற்கு நான் பொறுப்பில்லை என்பதையெல்லாம் அது ஓர் அசையில் சொல்லிவிடுகிறது. அதையே ஒருவர் “பேய் இருக்கு, நான் என் கண்ணால் பார்த்தேன்” என்றால் நிலைமை மாறிவிடும். நம் கவனம் வீட்டை விட்டுப் பேசுகிற ஆள்மேல் திரும்பும். எந்த நேரத்தில் பார்த்தார்? கூட யாராவது இருந்தார்களா? அந்த வீட்டைப் பற்றி முன்பே ஏதாவது காதில் விழுந்திருந்ததா? உடம்பு சரியாக இருந்ததா, தூக்கம் இருந்ததா?

இதே கேள்விகளை ஒரு கதைப் புத்தகத்திடம் கேட்கப் பழகினால், ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்ற கருத்தில் பாதி புரிந்துவிடும். இந்தப் பெயரை 1961-இல் விமர்சனத்துக்குள் கொண்டுவந்தவர் வெய்ன் பூத் என்ற அமெரிக்கர். பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே கதைகள் இதைச் செய்துகொண்டிருந்தன. அதில் பேய்க்கதைக்குத் தனி இடம் உண்டு. வேறு கதைகளில் கதைசொல்லியை நம்பினாலும் நம்பாவிட்டாலும் உலகம் அதே உலகமாகத்தான் இருக்கும். பேய்க்கதையில், நம்பினால் செத்தவர்கள் நடமாடும் உலகம். நம்பாவிட்டால் நம் அன்றாட உலகம். எல்லாம் ஓர் ஆளின் வார்த்தையில் தொங்குகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பகமற்றவர் என்றால் பொய்யர் என்று அர்த்தமில்லை. முழு மனதோடு, கண்ணில் நீர் வர, தான் கண்டதை அப்படியே சொல்கிறவரும் நம்பகமற்ற கதைசொல்லியாக இருக்கலாம். அவர் தவறாகப் பார்த்திருக்கலாம். சரியாகப் பார்த்துத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது வகை. அதற்கு ஓர் உதாரணத்தை மட்டும் எடுத்து, நிதானமாகப் பார்க்கலாம். ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ என்ற குறுநாவல். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். முடிவு தெரிந்துவிட்டால் கெட்டுப்போகும் கதை இல்லை இது. முடிவு தெரிந்து மறுபடி படிக்கும்போதுதான் அதன் பயம் முழுதாகப் பிடிபடும்.

முதலில் கதை. இருபது வயதுப் பெண் ஒருத்தி, கிராமத்துப் பாதிரியாரின் கடைசி மகள், வேலை தேடி லண்டனுக்கு வருகிறாள். ஹார்லி தெருவில் வசிக்கும் ஒரு பணக்கார இளைஞர் அவளுக்கு வேலை தருகிறார். தாய் தகப்பன் இல்லாத தன் தம்பி பிள்ளைகள் இரண்டு பேரையும் எசெக்ஸில் உள்ள பிளை என்ற பெரிய மாளிகையில் தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும், பாடம் சொல்லித்தர வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: எது நடந்தாலும் தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது, கடிதம்கூட எழுதக் கூடாது. மைல்ஸுக்கு வயது பத்து, ஃப்ளோராவுக்கு எட்டு. வீட்டை நிர்வகிப்பவர் மிசஸ் குரோஸ். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன கொஞ்ச நாளில் அந்த ஆசிரியை ஓர் ஆணின் உருவத்தையும் பிறகு ஒரு பெண்ணின் உருவத்தையும் பார்க்கிறாள். ஆண், முன்பு அங்கே வேலை பார்த்துச் செத்துப்போன பீட்டர் குவிண்ட்; பெண், அவளுக்கு முன் ஆசிரியையாக இருந்து செத்துப்போன மிஸ் ஜெஸல். இருவரும் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் அது தெரியும், தெரிந்தே மறைக்கிறார்கள் என்று அவள் முடிவுக்கு வருகிறாள். பிள்ளைகளைக் காப்பாற்றப் போராடுகிறாள். கடைசியில் மைல்ஸ் அவள் கைகளிலேயே இறந்துபோகிறான்.

அவள் பெயர் கடைசிவரை நமக்குத் தெரியாது.

இந்தக் கதைக்கு விதை எப்படிக் கிடைத்தது என்பதை ஜேம்ஸ் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். 1895 ஜனவரி 10-ஆம் தேதி கேன்டர்பரி பேராயர் பென்சன் அவரிடம் ஒரு துணுக்குச் சொன்னார்: கெட்ட வேலைக்காரர்கள் செத்த பிறகும் வந்து, தாங்கள் கெடுத்த பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்களாம். பேராயருக்கும் அது நேரடியாகத் தெரியாது. சரியாகக் கதை சொல்ல வராத ஒரு பெண்மணி அவருக்குச் சொன்னது. ஆக அந்த விதையே ‘ஆம்’ மேல் ‘ஆம்’ வைத்த விதை. அதே குறிப்பில் ஜேம்ஸ் இன்னொன்றும் எழுதுகிறார்: இந்தக் கதையை வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் சொல்வதுதான் பொருத்தம் என்று. மூன்று வருஷம் கழித்துக் கதை அச்சானபோது, வெளியிலிருந்து பார்ப்பவர் காணாமல் போயிருந்தார். எல்லாம் நடந்த இடத்தின் நடுவே, எல்லாவற்றிலும் சம்பந்தப்பட்ட ஒருத்தியிடம் பேனா போய்ச் சேர்ந்திருந்தது. இந்த ஒரு மாற்றம்தான் ஒரு நல்ல பேய்த் துணுக்கை, நூறு வருஷத்துக்கும் மேலாக ஆட்கள் விடாமல் வாதாடுகிற புத்தகமாக ஆக்கியது.

வெளியாள் மொத்தமாகப் போய்விடவுமில்லை. கதையின் தொடக்கத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஒரு பழைய வீட்டில் கணப்பைச் சுற்றி விருந்தாளிகள் உட்கார்ந்து பேய்க்கதை பேசுகிறார்கள். டக்ளஸ் என்பவர், தன்னிடம் ஒரு பெண் எழுதிய கைப்பிரதி இருக்கிறது, லண்டனில் இழுப்பறையில் பூட்டிவைத்திருக்கிறேன் என்கிறார். அவள் செத்து இருபது வருஷம் ஆகிறது. அவருடைய தங்கைக்கு அவள் ஆசிரியையாக இருந்தவள். அவர் பேசுகிற விதத்தில், அவளை அவர் நேசித்தார் என்பதும் நமக்குப் புரிகிறது. கைப்பிரதி வரவழைக்கப்படுகிறது, அவர் வாசிக்கிறார். அதையும் நாம் நேரடியாகக் கேட்பதில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த, பெயர் சொல்லாத ஒரு ‘நான்’, பிற்காலத்தில் தான் எடுத்த பிரதியை நமக்குத் தருகிறார். நமக்கும் பிளை மாளிகைக்கும் நடுவே இத்தனை கைகள்.

தமிழில் இதைச் சொன்னால் ஒவ்வொரு வாக்கியமும் ‘இருந்ததாம்’, ‘பார்த்தாளாம்’ என்றுதான் முடிய வேண்டும். ஆனால் கைப்பிரதியின் முதல் வரி தொடங்கியதும் அந்த ‘ஆம்’ எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. ‘நான் போனேன், நான் பார்த்தேன், நான் உணர்ந்தேன்’ என்று அவளுடைய குரல் மட்டும் காதோரம் பேசுகிறது. இது கேள்விப்பட்ட கதை என்பதைப் பத்துப் பக்கத்துக்குள் மறந்துவிடுகிறோம். கதைசொல்லியை நம்ப வைப்பதற்கு எழுத்தாளர் செய்கிற முதல் வேலை, அவர் ஒரு கதைசொல்லி என்பதை நாம் மறக்கும்படி செய்வதுதான்.

பழைய கோட்டை, மர்மம், பேய் என்று பயமூட்டும் கோதிக் கதைகளின் வரலாற்றில் இது புதிதில்லை. அந்த வகையையே தொடங்கிவைத்த ஹொரேஸ் வால்போலின் நாவல் 1764-இல் வந்தபோது, பழைய இத்தாலியப் புத்தகம் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்று பொய்ப்பெயரில் வந்தது. அடுத்த பதிப்பில்தான் தானே எழுதியது என்று அவர் ஒப்புக்கொண்டார். அதில் ராட்சதத் தலைக்கவசம் ஒன்று விழுந்து கல்யாண மாப்பிள்ளையை நசுக்கும். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை, கதைக்குள் அது உண்மை. முப்பது வருஷம் கழித்து வந்த ஆன் ராட்கிளிஃப் எதிர்ப்பக்கம் போனார். பக்கம் பக்கமாகப் பயமுறுத்திவிட்டுக் கடைசியில் எல்லாவற்றுக்கும் இயற்கையான காரணம் சொல்லிவிடுவார். அப்புறம் எட்கர் ஆலன் போ 1843-இல் எழுதிய சிறுகதை ஒன்றில், கொலை செய்தவனே ‘எனக்குப் பைத்தியம் இல்லை’ என்று அடித்துச் சொல்லிக்கொண்டே தரைப்பலகைக்கு அடியில் இதயம் துடிப்பதைக் கேட்கிறான். நம்பகமற்ற கதைசொல்லியைப் புதிதாகப் பழகுபவர்களுக்கு அது நல்ல பாடம். ஆனால் அவனை நம்ப வேண்டாம் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஜேம்ஸின் ஆசிரியை அப்படி இல்லை. அவள் படித்தவள், அன்பானவள், பொறுப்பானவள். அவளை நம்பக் கூடாது என்று கதையில் எவரும் சொல்வதில்லை.

அவள் முதல்முறை பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்து நீண்ட மாலை. பிள்ளைகள் தூங்கப் போய்விட்டார்கள். தோட்டத்தில் தனியாக நடக்கிறாள். நடக்கும்போது அவள் மனதில் ஓர் ஆசை: பாதையின் திருப்பத்தில் திடீரென்று ஒருவர் வந்து நின்று, தன்னைப் பார்த்துப் புன்னகைத்து, நீ நன்றாக நடந்துகொள்கிறாய் என்று தலையசைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! யாரை நினைக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். ஹார்லி தெரு எசமானை. அந்த நினைப்போடு நிமிர்கிறாள். மாளிகைக் கோபுரத்தின் மேல் ஒருவன் நிற்கிறான். தன் கற்பனை ஒரு நொடியில் நிஜமாகிவிட்டது என்று அவளே எழுதுகிறாள். அடுத்த கணம், நிற்பவன் தான் நினைத்தவன் இல்லை என்று தெரிகிறது.

இதை எப்படிப் படிப்பது? ஆசைப்பட்ட மனம் உருவத்தை உண்டாக்கிக்கொண்டது என்று படிக்கலாம். பேய் வந்த நேரமும் அவள் ஆசைப்பட்ட நேரமும் தற்செயலாக ஒன்றாக அமைந்தன என்றும் படிக்கலாம். ஒரு நல்ல சாட்சியைப் போல வெளிச்சம், தூரம், அவன் தலையில் தொப்பி இல்லாதது என்று எல்லாவற்றையும் பதிவு செய்கிறாள். அன்றைய வாசகர்களுக்கு இந்தத் தோரணை பழக்கமானது. 1882-இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஆவி ஆராய்ச்சிச் சங்கம் இப்படிப்பட்ட நேரடி வாக்குமூலங்களைத்தான் சேகரித்துக்கொண்டிருந்தது. ஜேம்ஸின் அண்ணன் வில்லியம் ஜேம்ஸ் கொஞ்ச காலம் அதன் தலைவராகவே இருந்தார். அவள் தன் சாட்சியத்தை முடிக்கும் விதம்தான் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இந்தத் தாளில் நான் எழுதும் எழுத்துகளைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தேன் என்கிறாள். சத்தியம் செய்கிற மாதிரியான வாக்கியம். ஆனால் நமக்கு அவன் அந்தத் தாளில் உள்ள எழுத்துகள் மட்டும்தான். அதற்கு மேல் போய்ப் பார்க்க நமக்கு வழியே இல்லை.

இரண்டாம் முறை அவன் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான். அவள் ஓடிப்போய்ப் பார்க்கிறாள், யாருமில்லை. அவன் நின்ற அதே இடத்தில் நின்று, அவனைப் போலவே கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்க்கிறாள். அந்த நேரம் அறைக்குள் வந்த மிசஸ் குரோஸ், ஜன்னலில் தெரிகிற முகத்தைப் பார்த்து வெளிறிப்போகிறார். இவர் ஏன் பயப்படுகிறார் என்று ஆசிரியை யோசிப்பதோடு அத்தியாயம் முடிகிறது. மிசஸ் குரோஸ் அந்த வீட்டில் கண்ணால் கண்டு நடுங்கியது எதைப் பார்த்து? அந்த ஆசிரியையின் முகத்தைப் பார்த்து. கதை இதைச் சுட்டிக்காட்டாமல் நகர்ந்துவிடும். கவனிக்க வேண்டியது நம் பொறுப்பு.

சரி, அவளுக்குப் பிரமைதான் என்று இந்த இடத்தில் முடிவுகட்டிவிடலாமா? முடியாது. அடுத்த அத்தியாயத்தில் அவள் அந்த மனிதனை வர்ணிக்கிறாள்: சிவந்த சுருட்டை முடி, நீண்ட வெளிறிய முகம், தனக்குச் சொந்தமில்லாத உடுப்பு. கேட்ட மிசஸ் குரோஸ், அது குவிண்ட் என்கிறார். ஆசிரியை அதுவரை குவிண்ட் என்ற பெயரையே கேட்டதில்லை. கேள்விப்படாத ஓர் ஆளை இவ்வளவு துல்லியமாக ஒருத்தி எப்படி வர்ணிக்க முடியும்? பேய்கள் உண்மை என்று சொல்பவர்களின் மிகப் பலமான ஆதாரம் இதுதான், நியாயமான ஆதாரம்.

ஆனால் ஜேம்ஸ் அதற்கும் ஒரு சின்ன ஓட்டை வைத்திருக்கிறார். குவிண்டின் பெயர் வெளிவருவதற்கு வெகு முன்பு, எசமானுக்கு இளமையும் அழகுமான பெண்களைப் பிடிக்கும் போலிருக்கிறது என்று ஆசிரியை சொல்ல, “ஆமாம், அவருக்கு அப்படித்தான் பிடித்திருந்தது” என்று மிசஸ் குரோஸ் இறந்த காலத்தில் பேசிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “எசமானைத்தான் சொன்னேன்” என்று திருத்துவார். முதலில் யாரைச் சொன்னீர்கள் என்று ஆசிரியை விடாமல் கேட்பாள். இந்த வீட்டில் இன்னொரு ஆண் இருந்திருக்கிறான் என்ற நினைப்பு அன்றே அவள் மனதில் விழுந்திருக்கும். அப்புறம், ஜன்னலில் பார்த்தவன் ஊர்க்காரனா என்று மிசஸ் குரோஸ் கேட்கும்போது, இல்லை, உங்களிடம் சொல்லவில்லையே தவிர நான் உறுதிசெய்துகொண்டேன் என்பாள். எப்படி உறுதிசெய்தாள், ஊரில் யாரிடம் விசாரித்தாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது கதையில் இல்லை. யாராவது அவளுக்குக் குவிண்டின் அடையாளத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். கதவு அடைக்கவும்படவில்லை, திறக்கவும்படவில்லை.

இதை நாம் ‘பொருள் மயக்கம்’ என்று சொல்லலாம். நம் இலக்கணத்தில் மயக்கம் என்றால் ஒன்றோடொன்று கலந்து நிற்பது. வழக்கில் தலை சுற்றுவதும் மயக்கம்தான். இந்தக் கதைக்கு இரண்டும் பொருந்தும். தெளிவாக எழுதத் தெரியாததால் வருகிற குழப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே ஒவ்வொரு சம்பவமும் இரண்டு கதைகளுக்கும் பொருந்துகிற மாதிரி செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு சம்பவமாவது ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட்டால் மொத்தமும் விழுந்துவிடும்.

இப்போது என் மனதை விட்டுப் போகாத ஏரிக்கரைக் காட்சி. மதியம். ஃப்ளோரா தரையில் உட்கார்ந்து விளையாடுகிறாள். ஆசிரியை பக்கத்தில் கல்பெஞ்சில் தையல் வேலையோடு இருக்கிறாள். எதிர்க்கரையில் யாரோ நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றுகிறது. குழந்தையும் பார்க்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிக்கிறாள். குழந்தை கத்தவில்லை. பேச்சை நிறுத்திவிட்டது, ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒரு தட்டையான மரத்துண்டில் சின்ன ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையில் இன்னொரு குச்சியைப் பாய்மரம் மாதிரி செருகி, படகு செய்ய மும்முரமாக முயல்கிறது. எட்டு வயதுப் பிள்ளை. ஆசிரியை தன்னைத் திடப்படுத்திக்கொண்டு, எதிர்கொள்ள வேண்டியதை எதிர்கொண்டேன் என்கிறாள். அத்தியாயம் அங்கே அறுந்துபோகிறது.

அடுத்த அத்தியாயம் இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்குகிறது. எதிர்க்கரையில் அவள் என்ன பார்த்தாள் என்பதை அந்த நேரத்தில், அந்த இடத்தில் நாம் பார்க்கவே இல்லை. மிசஸ் குரோஸிடம் அவள் சொல்வதைத்தான் கேட்கிறோம். அந்தப் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். “ஃப்ளோரா பார்த்தாள்!” என்கிறாள். அவளே உங்களிடம் சொன்னாளா என்று மிசஸ் குரோஸ் கேட்கிறார். “ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பயங்கரம்!” என்கிறாள். அப்படியென்றால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மிசஸ் குரோஸ் கேட்கிறார். “நான் அங்கே இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன், அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது” என்கிறாள். குவிண்ட் விஷயத்தில் பெயரைச் சொன்னவர் மிசஸ் குரோஸ். இந்தமுறை, கறுப்பு உடுப்பில் வந்தவள் எனக்கு முன்னால் இங்கே இருந்து செத்துப்போன ஆசிரியை என்று இவளே முதலில் சொல்லிவிடுகிறாள்.

குழந்தை கத்தியிருந்தால் பேயைப் பார்த்ததற்கு ஆதாரம். கத்தாமல் இருந்ததும் பேயைப் பார்த்து மறைத்ததற்கு ஆதாரம். அந்தப் பிள்ளை என்ன செய்திருந்தால் தப்பித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும்தான், பேய்களைவிட அவளுடைய நிச்சயம் எனக்குப் பயமாக இருந்தது.

இங்கே நம் மொழி ஒரு பெரிய உதவி செய்கிறது. ‘எனக்குத் தெரிகிறது’ என்றால் கண்ணுக்குப் புலப்படுகிறது. ‘எனக்குத் தெரியும்’ என்றால் அறிந்திருக்கிறேன். இரண்டும் ஒரே வேர்ச்சொல். அந்த ஆசிரியை செய்வதெல்லாம் முதல் ‘தெரி’யிலிருந்து இரண்டாவது ‘தெரி’க்குத் தாவுவதுதான். ஜன்னலில் ஓர் உருவம் தெரிந்தது. அவன் தன்னைத் தேடி வரவில்லை, வேறு யாரையோ தேடி வந்தான் என்பது அந்தக் கணமே அவளுக்குத் ‘தெரிந்துவிட்டது’. கொஞ்ச நேரத்தில், அவன் தேடுவது மைல்ஸை என்பதும் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரியும் என்று மிசஸ் குரோஸ் கேட்டதற்கு, எனக்குத் தெரியும், தெரியும், தெரியும் என்று மூன்று முறை சொல்கிறாள்; உங்களுக்கும் தெரியும் என்று அவரையும் சேர்த்துக்கொள்கிறாள்.

புதிதாகப் படிக்கிறவர்கள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, அவள் கண்ணால் கண்டதன் கீழே ஒரு கோடும், அவளே முடிவுசெய்துகொண்டதன் கீழே இரண்டு கோடும் போட்டுப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது, இரண்டு கோடு விழுந்த வரிகள்தான் கதையை நகர்த்துகின்றன என்பது புரிந்தது. கண்ணால் கண்டவை சொற்பம். கோபுரம், ஜன்னல், ஏரி, படிக்கட்டு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆவணங்களிலும் இதே கதைதான். மைல்ஸைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கிவிட்டதாகக் கடிதம் வருகிறது. காரணம் அதில் இல்லை. மிசஸ் குரோஸிடம் நீட்டுகிறாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆக அந்தக் கடிதத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். பிள்ளை என்ன தப்புச் செய்தான், குவிண்டும் ஜெஸலும் பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் இருவரும் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள். ஒருவர் விட்ட வாக்கியத்தை மற்றவர் முடிக்கிறார். 1908-இல் எழுதிய முன்னுரையில் ஜேம்ஸ் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். தீமை இன்னது என்று தான் எழுதவில்லை, வாசகரே அதை நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன், அவருடைய கற்பனையே விவரங்களை நிரப்பிக்கொள்ளும் என்றார். எளிதில் ஏமாறாதவர்களைப் பிடிப்பதற்கான விளையாட்டு இது என்றும் எழுதினார். அதாவது அந்த ஆசிரியை குழந்தைகளின் மௌனத்தை எப்படி நிரப்புகிறாளோ, அதே மாதிரி நாம் கதையின் மௌனத்தை நிரப்புகிறோம்.

விமர்சகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தது இயல்புதான். 1924-இல் எட்னா கென்டன், பேய்கள் அவளுடைய மனதில் உதித்தவை என்ற கோணத்தை எழுதினார். 1934-இல் எட்மண்ட் வில்சன் ஃப்ராய்டின் உளவியலைத் துணைக்கு வைத்து, எசமான்மேல் அவளுக்கு இருந்த அடக்கிய காதல்தான் இத்தனை உருவங்களையும் உண்டாக்கியது என்று வாதாடினார். பலர் கொதித்துப்போய்ப் பதில் எழுதினார்கள். அவர்கள் பக்கமும் வலுவானதுதான். ஃப்ளோரா காய்ச்சலில் பேசிய அருவருப்பான வார்த்தைகளைக் கேட்ட மிசஸ் குரோஸ், இப்போது நான் நம்புகிறேன் என்கிறார். அந்த வார்த்தைகளைப் பிள்ளை யாரிடம் கற்றுக்கொண்டது? மைல்ஸ் நடுராத்திரியில் தோட்டத்தில் போய் நின்றது ஏன்? பைத்தியம் பிடித்து ஒரு பிள்ளையின் சாவுக்குக் காரணமானவள் என்றால், அதற்குப் பிறகும் எப்படி அவள் நல்ல ஆசிரியையாக வேலை பார்த்து, டக்ளஸ் போன்றவரின் மரியாதையைச் சம்பாதித்தாள்? 1970-இல் ட்ஸ்வெடான் டோடோரோவ், இயற்கையா அமானுஷ்யமா என்று வாசகர் தயங்கி நிற்கும் அந்த இடைவெளிதான் இத்தகைய இலக்கியத்தின் உயிர் என்றார். பெரும்பாலான கதைகள் கடைசியில் ஏதோ ஒரு பக்கம் இறங்கிவிடும். இது கடைசிவரை இறங்காத கதை என்று இதையே உதாரணம் காட்டினார். என் மனமும் அவர் பக்கம்தான். எது உண்மை என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிற எவரைப் பார்த்தாலும், அவரும் “எனக்குத் தெரியும், தெரியும், தெரியும்” என்று சொல்வதுபோல் எனக்குக் கேட்கிறது.

இந்த மயக்கம் எழுத்தில் மட்டுமே முழுதாக நிற்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. பெஞ்சமின் பிரிட்டன் 1954-இல் இதை வெனிஸில் ஓபராவாக மேடையேற்றினார். அருமையான இசை. ஆனால் ஓபராவில் பேய்கள் மேடைக்கு வந்து பாட வேண்டும். பாடிவிட்டால் அவற்றை நாமும் பார்த்துவிட்டோம், கேட்டுவிட்டோம். புத்தகத்தில் நமக்கு அந்த வசதி கிடையாது.

ஏரிக்கரைக்குக் கதை இன்னொரு முறை வருகிறது. இந்தமுறை மிசஸ் குரோஸும் கூட இருக்கிறார். பட்டப்பகல். அதோ நிற்கிறாள் பாருங்கள் என்று ஆசிரியை கை நீட்டுகிறாள். மிசஸ் குரோஸ் கண்ணைக் குறுக்கிப் பார்க்கிறார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் குழந்தையிடம் குனிந்து, அங்கே யாரும் இல்லையம்மா, யாருமே இல்லை என்கிறார். ஃப்ளோரா ஆசிரியையைப் பார்த்து, எனக்கு யாரும் தெரியவில்லை, எதுவும் தெரியவில்லை, எப்போதும் தெரிந்ததே இல்லை, நீங்கள் கொடுமைக்காரி என்கிறாள். அவளுடைய கைப்பிரதியிலேயே, அவளுடைய கையெழுத்திலேயே, அவளுக்கு எதிரான இந்தச் சாட்சியமும் இருக்கிறது. மறைக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. அதனால்தான் அவளைப் பொய்க்காரி என்று ஒதுக்க முடிவதில்லை.

கடைசி அத்தியாயம். மிசஸ் குரோஸ் ஃப்ளோராவை அழைத்துக்கொண்டு லண்டன் போய்விட்டார். சாப்பாட்டு அறையில் அவளும் மைல்ஸும் மட்டும். பள்ளியில் என்ன செய்தாய் என்று அவள் துருவுகிறாள். எனக்குப் பிடித்த சிலரிடம் சில விஷயங்களைச் சொன்னேன் என்கிறான், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரே ஒரு கணம் அவளுக்குச் சந்தேகம் வருகிறது: இவன் குற்றமற்றவன் என்றால், அப்புறம் நான் யார்? கேள்வி வந்த வேகத்தில் போய்விடுகிறது. ஜன்னலில் மறுபடி குவிண்ட். அவள் பையனை இறுக்கி அணைத்துக்கொண்டு அலறுகிறாள். வந்திருப்பது யார் என்று புரியாமல் மைல்ஸ் முதலில் மிஸ் ஜெஸலா என்று கேட்கிறான். இல்லை என்றதும், “அவனா?” என்கிறான். எவன் என்று அவள் கேட்கிறாள். “பீட்டர் குவிண்ட்... பேயே!” என்று கத்திவிட்டு, அறை முழுக்கக் கண்ணால் துழாவி, “எங்கே?” என்கிறான்.

அந்தப் ‘பேயே’ யாரைப் பார்த்துச் சொன்னது? ஆங்கில மூலத்திலும் அது விளிதான். குவிண்டை நோக்கியும் போகும், அவனைப் பிடித்திருக்கிற பெண்ணை நோக்கியும் போகும். ‘எங்கே’ என்பதும் அப்படித்தான். அவள் வென்றுவிட்டதால் இனி அவனுக்குக் குவிண்ட் தெரியவில்லையா? அல்லது அவனுக்கு எப்போதுமே எதுவும் தெரிந்ததில்லையா? அவளுக்குச் சந்தேகமில்லை. பிள்ளையை மீட்டுவிட்டோம் என்று இன்னும் இறுக்கிக்கொள்கிறாள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் கையில் இருப்பது என்ன என்று உணர்கிறாள். பேயின் பிடியிலிருந்து விடுபட்ட அந்தச் சின்ன இதயம் நின்றுபோயிருந்தது என்று எழுதுகிறாள். கைப்பிரதி அந்த வாக்கியத்தோடு முடிகிறது.

தொடக்கத்தில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பி வருவதே இல்லை. டக்ளஸ் தாளை மூடிவைத்தாரா, கேட்டவர்கள் நம்பினார்களா, யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்டார்களா என்று ஜேம்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை.